உறவினர் அல்ல

"அக்கா, அங்க ஓனரே கிடையாது" என்று என் தம்பி சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஓனர் இல்லாத இடத்தில் குப்பையை யார் அள்ளுவார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் சேர்ந்து அள்ளுவாங்க" என்றான். எல்லாரும் சேர்ந்து அள்ளுகிற குப்பை எங்கள் கடைக் கட்டடத்தின் பின்பக்கம் ஆளுயரத்துக்குக் கிடக்கிறது. அதைத் தினமும் தாண்டித்தான் நான் கடைக்குப் போகிறேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாகப் பவர் பார்த்து, லென்ஸ் வெட்டி, பிரேமில் பொருத்தி, அவரவர் மூக்கில் கோணாமல் உட்கார வைத்து அனுப்புவது என் பிழைப்பு. கம்ப்யூட்டர் எனக்கு பில் போடுகிற அளவுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் ஏன் இந்த ஓனர் இல்லாத ஊருக்குக் குடிபோனேன் என்றால், என் மகள் அங்கே இருந்தாள். வேறெங்கேயும் அவள் எனக்கு அகப்படவில்லை.

என் வாய்தான் காரணம். ஒளித்து என்ன ஆகப்போகிறது? அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு நாடகக் குழுவுக்கு விளக்கு அமைக்கப் போகிறேன் என்றாள். கடையில் வைத்துச் சொன்னாள். மூன்று வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நாலு பேரு வேஷம் கட்டி ஆடுறதுக்கு நீ டார்ச் அடிக்கப் போறியா? இதுக்காடி உன்னப் படிக்க வச்சேன்?" என்றேன். அதில் ஒருவர் சிரித்துத் தொலைத்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு விட்டேனா? ஒரு மாதம் கழித்துத் தம்பியை விட்டு "அம்மாவுக்கு நெஞ்சு வலி" என்று போன் பண்ணச் சொன்னேன். பிள்ளை பதினோரு மணி நேரம் பஸ்ஸில் அடித்துப் பிடித்து வந்தாள். வந்து பார்த்தால் நான் கடையில் நின்று ஒருவருக்குப் பிரேமை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். படுத்துக்கொண்டு முனகுகிற அளவுக்குக்கூட எனக்குப் பொய் ஒழுங்காக வரவில்லை. அன்றைக்குப் போனவள்தான். போன் நம்பரை மாற்றிவிட்டாள், தம்பியையும் சேர்த்துத் தலைமுழுகிவிட்டாள். குழு ஊர் ஊராகப் போகிறது. எந்த ஊரில் சாப்பிடுகிறாள், எங்கே தூங்குகிறாள் என்று தெரியாமல் ஒரு வருஷம் போனது.

என் தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். உலகத்தில் உள்ள எல்லாக் கம்பெனியும் திருட்டுக் கம்பெனி என்பது அவன் கட்சி. அவன்தான் மகள் அந்தப் புது வலைத்தளத்தில் எழுதுவதைக் கண்டுபிடித்து வந்து சொன்னான்.

"பெரிய கம்பெனிக்காரன் நடத்துறது எல்லாமே ஒரே கட்டடம்கா. இங்க அப்படி இல்ல, ஆளாளுக்கு ஒரு வீடு. சர்வர்னு சொல்லுவோம். நீ எந்த வீட்டுல குடியிருந்தாலும் மத்த எல்லா வீட்டோடவும் பேசிக்கலாம்."

"எந்த வீட்டுல இருந்தாலும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்."

"அப்புறம் எதுக்குடா உள்ள நுழையும்போதே எந்த வீடுன்னு கேக்குறான்?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அது ஒரு சுதந்திரம்கா" என்றான். அவன் பதில் தெரியாத இடத்திலெல்லாம் சுதந்திரம் வந்து நிற்கும்.

மகள் இருந்த வீட்டுக்குப் பெயர் 'மேடைப் பின்புறம்'. விளக்குக்காரர்கள், திரை இழுப்பவர்கள், ஒப்பனைக்காரர்கள் இருக்கும் இடம். அங்கே சேர ஒரு விண்ணப்பம் உண்டு. 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி. நானும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி 'என் மகளைப் பார்க்க' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. 'இது மேடைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பான வெளி. பிள்ளைகளைக் கண்காணிக்க வருவோருக்கு இங்கே இடமில்லை. அன்புடன், நிர்வாகக் குழு.' அந்த 'அன்புடன்' இருக்கிறதே, அதைப் படித்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சரி, வேறு வீடு பார்ப்போம் என்று பட்டியலை எடுத்தால் வீட்டு வாடகைக்கு அலைவதை விடக் கொடுமை. ஒரு வீட்டில் செய்யுளில் மட்டும்தான் எழுத வேண்டும். ஒரு வீட்டில் பாசி வளர்ப்பவர்கள் மட்டும். ஒரு வீட்டுக்கு விதிமுறை முப்பத்தெட்டுப் பக்கம். உள்ளே இருப்பது நான்கு பேர், அதில் மூன்று பேர் நிர்வாகக் குழு. தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன். பெரிய சத்திரம் ஒன்று இருந்தது, நாற்பதாயிரம் பேர், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். "அது வேணாம்கா, அங்க இருந்து வர்றவங்கள யாரும் மதிக்க மாட்டாங்க" என்றான் தம்பி. ஓனர் இல்லாத ஊரிலும் உயர்ந்த தெரு, தாழ்ந்த தெரு இல்லாமல் போகவில்லை.

கடைசியில் 'படிக்கட்டு' என்ற வீட்டில் சேர்ந்தேன். படிக்கட்டுகளைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வீடு. நாற்பத்து மூன்று பேர். யாருக்கும் பெயர் கிடையாது, சேர்ந்த வரிசைப்படி படி எண்தான். நான் நாற்பத்து நாலாம் படி. அந்த வீட்டை நடத்துகிறவரைப் படித்தலைவர் என்பார்கள். அவருக்குத் தொழில் லிப்ட் பழுது பார்ப்பது. கேள்வி எதுவும் கேட்கவில்லை, 'வாங்க, மெதுவா ஏறுங்க' என்று மட்டும் எழுதினார். எனக்கு அந்த மரியாதை போதுமாக இருந்தது.

மகளின் பெயரைத் தேடினேன். வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் தினமும் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அவள் போட்டதைப் பார்ப்பேன். மேடையில் நீல விளக்கு, மஞ்சள் விளக்கு, ஒரு கயிற்றில் தொங்கும் பன்னிரண்டு விளக்கு. எனக்கு ஒன்றும் புரியாது, எல்லாவற்றையும் பார்ப்பேன். ஒரு படத்தில் அவளும் இருந்தாள். இளைத்திருந்தாள். கண்ணாடியின் இடது காது டேப் சுற்றி ஒட்டியிருந்தது. பிரேம் மூக்கில் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. மைனஸ் ஒன்பது பவர் போடுகிறவள் அப்படிச் சரிந்த கண்ணாடியில் பார்த்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்? கை பரபரத்தது. ஆனால் எழுதவில்லை. நான் யாரென்று தெரிந்தால் இந்தக் கதவையும் சாத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

நுணலும் தன் வாயால் கெடும். என் வாய் எந்த ஜென்மத்தில் நுணலாக இருந்ததோ!

மேடைப் பின்புறத்தில் இருந்த ஒருவர், மேடைக்கு மேலே ஏறும் இரும்பு ஏணியைப் படம் எடுத்து, 'எங்கள் படிக்கட்டு' என்று போட்டார். படித்தலைவர் மெதுவாகப் போய், 'நல்ல படம். ஆனால் ஏணி படிக்கட்டு ஆகாது' என்றார். அவ்வளவுதான். ஊர் ரெண்டு பட்டது. ஏணி ஏன் படிக்கட்டு ஆகாது? கால் வைத்து ஏறவில்லையா? கையால் பிடித்தால் ஏணி, பிடிக்காவிட்டால் படிக்கட்டா? அப்போது கைப்பிடி வைத்த படிக்கட்டு என்னவாம்? எட்டு நாள் நடந்தது. வரையறைக் குழு ஒன்று அமைத்தார்கள். அதில் ஏழாம் படியும் பன்னிரண்டாம் படியும் அடித்துக்கொண்டு, பன்னிரண்டாம் படி கோபித்துக்கொண்டு போய் 'நகரும் படிக்கட்டு' என்று தனி வீடு கட்டிவிட்டார். இவ்வளவுக்கும் யாரும் யாரையும் நேரில் பார்த்தது கிடையாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். மேடைப் பின்புறத்து ஆள் ஒருவர் எங்கள் படித்தலைவரை, 'லிப்டுக்கு எண்ணெய் போடுகிறவனுக்கு இவ்வளவு திமிரா?' என்று எழுதினார். என்னை 'வாங்க' என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஏணியில ஏறி நிக்கிறவன் எல்லாம் தன்ன மாடி வீட்டுக்காரன்னு நெனச்சுக்கிறான். ஏணிய எடுத்தா தெரியும் சேதி' என்று போட்டுவிட்டு லென்ஸ் வெட்டப் போய்விட்டேன். மதியம் வந்து பார்த்தால் அதை முந்நூற்று நாற்பது பேர் எடுத்து ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு வந்த வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் காட்டினேன்.

மேடையில் ஏணி ஏறுகிறவர்கள் யார்? விளக்குக்காரர்கள். என் மகள். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து மகள் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள், மூன்று நாள், ஒன்பது நாள். வேலை அதிகம் போல என்று முதலில் நினைத்தேன். அப்புறம் உடம்புக்கு என்னவோ என்று பழைய படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். பத்தாம் நாள் காலையில் தாங்காமல், நாற்பத்து நாலாம் படியாகவே அவளுக்கு எழுதினேன்: 'நலமா? ரொம்ப நாளா விளக்குப் படம் காணோமே.' அனுப்பியாகிவிட்டது என்று டிக் விழுந்தது. பதில் இல்லை. தம்பியைக் கடைக்கு வரச் சொன்னேன்.

அவன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அக்கா, அவங்க வீடு உங்க வீட்ட பிளாக் பண்ணிடுச்சு. வோட்டு போட்டு முடிவு பண்ணியிருக்காங்க. 'தொழிலாளர்களை இழிவு செய்யும் தளம்'னு போட்டு, உன் ஏணி வசனத்த ஆதாரமா வச்சிருக்காங்க."

"எனக்கு யாரும் சொல்லலையே?"

"அவங்க வீட்டுல அறிவிச்சாங்க. அந்த அறிவிப்பு உங்க வீட்டுக்கு வராது. பிளாக் பண்ணியாச்சுல்ல."

"நான் எழுதினதுக்கு அனுப்பியாச்சுன்னு டிக் விழுந்துதேடா!"

"உன் வீட்ட விட்டுப் போயிடுச்சு. அவங்க வாசல்ல வாங்கிக் குப்பையில போட்டுடுவாங்க."

"போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா?"

"மாட்டாங்க. அதுதான் நாகரிகம்" என்றான்.

ஓனர் இல்லாத ஊர்! எவனாவது ஒரு ஓனர் இருந்திருந்தால் அவன் வாசலில் போய் நின்று கத்தியிருப்பேன். இங்கே யார் வாசலில் கத்துவது?

"ஆனா அவ எழுதுறத வெளியில இருந்து பார்க்கலாம்கா. பேசத்தான் முடியாது" என்று, கணக்கு எதுவும் இல்லாமல் அவள் பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் வீடு தேடியே அலைந்திருக்க வேண்டாம். ஒன்பது நாளும் எழுதியிருந்தாள். ஒரு நாள்கூட விடவில்லை. ஆசையாக மேலிருந்து படிக்கத் தொடங்கினேன். முதலில் இருந்ததே முந்தைய நாள் சாயங்காலம் போட்டது.

'காலையிலேர்ந்து இடது கண் ஓரத்துல பளிச் பளிச்னு மின்னல் அடிக்குது. கூடவே கறுப்புப் பூச்சி நூறு பறக்குது. கரண்ட் செலவே இல்லாம லைட்டிங்! தூக்கம் பத்தல போல.'

இருபத்தேழு பேர் சிரித்திருந்தார்கள். ஒருவர் வெள்ளரிக்காய் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. மைனஸ் ஒன்பது கண் என்பது நீளமான கண். உள்ளே இருக்கிற விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். மின்னலும் பூச்சியும் திடீரென்று சேர்ந்து வந்தால் அந்தத் திரை கிழிகிறது என்று அர்த்தம். உடனே போனால் லேசர் வைத்து ஒட்டிவிடுவார்கள். விட்டால் திரை கழன்றுவிடும், கண் போய்விடும். என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தபால்காரர் 'அடுத்த வாரம் காட்டலாம்' என்று இருந்து ஒரு கண்ணைத் தொலைத்தார். விளக்கை நம்பிப் பிழைக்கிற என் மகளுக்கு ஒரு இரவு ஏற்கெனவே போய்விட்டது. மணி காலை பத்தரை.

"உன் கணக்குலேர்ந்து எழுதுடா, சீக்கிரம்!" என்றேன். தம்பி யாரையும் நம்பாதவன் ஆதலால் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து, தனக்குத் தானே ஒரு சர்வர் நடத்துகிறான். குடிமகனும் அவனே, நிர்வாகக் குழுவும் அவனே. திறந்து பார்த்தான், திறக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டான். அவன் மனைவி, "அதுவா? செவ்வாய்க்கிழமை மிக்ஸி போடப் பிடுங்கினேன், மறந்துட்டேன்" என்றாள். நான்கு நாளாக ஒரு சுதந்திர நாடு இருளில் கிடந்திருக்கிறது, அதன் மன்னனுக்கே தெரியவில்லை. திரும்பச் சொருகினால், நின்றுபோனதையெல்லாம் சரிபார்த்து எழும்ப ஆறு மணி நேரம் ஆகுமாம்.

பெரிய சத்திரத்தில் புதுக் கணக்குத் தொடங்கினோம். அங்கிருந்து வரும் புதியவர்களின் செய்தியை மேடைப் பின்புறம் இரண்டு நாள் நிறுத்திவைத்துப் பரிசீலிக்கும் என்று வந்தது. படிக்கட்டு வீட்டின் முகப்பில் போட்டிருந்த நம்பரில் படித்தலைவருக்குப் போன் போட்டேன். ஏதோ லிப்டின் மேல் நின்றுகொண்டு பேசினார்.

"ஐயா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க, கதவு திறப்பாங்க. என் பொண்ணு கண்ணு போயிடும்."

அவர் பதறிப்போனார். "ஐயோ, என்னம்மா இது! நான் கேட்டுடறேன், கால்ல வேணா விழறேன். ஆனா மன்னிப்புக் கேக்கணும்னா நம்ம விதிப்படி உறுப்பினர் வோட்டெடுப்பு வைக்கணும். ஏழு நாள் அவகாசம் குடுக்கணும்" என்றார். அந்த விதியை எழுதியதும் அவர்தான். நல்ல மனிதர், தானே கட்டிய படியில் தானே தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்.

மணி பதினொன்றரை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து, புதுக் கண்ணாடியில் தரை மேடு பள்ளமாகத் தெரிகிறது என்றார். "பழகிடும், போங்க" என்று விரட்டினேன். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரையும் அப்படி அனுப்பியதில்லை.

"ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு" என்றான் தம்பி. "அவங்க விண்ணப்பப் படிவம். அது மட்டும் பிளாக்ல வராது. நேரா நிர்வாகக் குழுவுல யாராவது ஒரு மனுஷன் கையில போய் விழும்."

திறந்தோம். அதே கேள்வி, பதிலுக்கு முந்நூறு எழுத்து. அதற்குக் கீழே புதிதாக ஒரு சின்னக் கட்டம் முளைத்திருந்தது. 'இத்தளத்தில் உள்ள எவருக்கும் நான் பெற்றோரோ உறவினரோ அல்ல என்று உறுதியளிக்கிறேன்.' போன தடவை இது இல்லை. என்னைப் போல ஒருத்தி வந்து நின்றதால் போட்ட கட்டம். அதில் டிக் போடாமல் படிவம் நகராது.

பதிலை எழுதிவிட்டேன். 'சேர வரவில்லை. உங்கள் விளக்குக்காரப் பெண் நேற்று எழுதிய மின்னலும் பூச்சியும் தூக்கக் குறைவு அல்ல. அவர் கண்ணாடி தடிமனானது, அப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை கிழியும். இன்றே கண் மருத்துவமனை. நாளை என்றால் கண் போகும். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள்.' அம்மா என்று எழுதவில்லை. எழுதினால் இன்னொரு நெஞ்சு வலி என்றுதான் அவள் நினைப்பாள். புலி வருது புலி வருது என்று கத்தியவள் நான்தானே.

டிக் போடத்தான் கை வரவில்லை.

"போடுக்கா. சும்மா ஒரு கட்டம். யாரு பார்க்கப் போறா?" என்றான் தம்பி.

பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான். ஆறு வயதில் கரும்பலகை தெரியவில்லை என்று அழுதுகொண்டு வந்தவளுக்கு முதல் கண்ணாடியை இதே மேசையில் வெட்டிப் போட்டுவிட்டவள். எவனோ எழுதி வைத்த கட்டத்தில் அவள் எனக்கு யாருமில்லை என்று டிக் போட வேண்டும். அழுதுவிட்டேன். தரை மேடு பள்ளமாகத் தெரிகிற அந்த மனிதர் இன்னும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்று அழுதேன். அப்புறம் டிக் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அந்த வாரம் வாசலில் காவலுக்கு இருந்தவர் பொய்முடி செய்கிற ஒரு பெண்.

'நீங்க டாக்டரா?'

'இல்ல. கண்ணாடிக் கடை.'

'இவங்கள முன்னாடியே தெரியுமா?'

தம்பி என் முகத்தையே பார்த்தான். 'தெரியாது' என்று தட்டினேன். 'படத்துல லென்ஸ் தடிமனைப் பார்த்தேன்.'

அப்புறம் வந்தது. 'நானும் அதே குழுதான். மேல ஏணியில நிக்கிறா. இறக்கிக் கூட்டிட்டுப் போறேன்.'

அன்றைக்கு மதியம் நான் வெட்டிய லென்ஸ் நான்கில் மூன்று வீண். ஐந்து மணிக்கு அவள் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்தது. தம்பியைப் படிக்கச் சொன்னேன், என் கண்ணாடியில் நீர் படிந்திருந்தது.

'இடது விழித்திரையில் கிழிசல். லேசர் வச்சு ஒட்டிட்டாங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கழண்டிருக்கும்னு டாக்டர் சொன்னார். முன்பின் தெரியாத ஒரு கண்ணாடிக் கடைக்காரம்மா எழுதி அனுப்பினாங்களாம். அவங்க நல்லா இருக்கணும். இதையே எங்க அம்மா சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். சத்தியமா.'

தம்பி கடைசி வரியை முழுங்கப் பார்த்தான். நான் விடவில்லை, போனைப் பிடுங்கிப் படித்தேன். கண் தப்பியது. அது போதும் என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மேடைப் பின்புறத்திலிருந்து கடிதம். 'தங்கள் மனிதநேயத்தைப் பாராட்டி, விதிவிலக்காக உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறோம். அன்புடன், நிர்வாகக் குழு.' உள்ளே போனேன். 'கண்ணாடிக் கடை' என்று கணக்கு. படிக்கட்டு வீட்டையும் விடவில்லை. அங்கே நாற்பத்து நாலாம் படி, இங்கே கண்ணாடிக் கடை. இரண்டு வீட்டுக்கும் ஆகாது, எனக்கு இரண்டும் வேண்டும்.

மகள் எழுதினாள். 'ரொம்ப நன்றிங்க. உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.' நான் எழுதினேன்: 'சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்க. கனமா எதையும் தூக்காதீங்க. ஏணி வேண்டாம் கொஞ்ச நாளைக்கு.' பெற்ற மகளைப் போய் நீங்க, வாங்க! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்படி எழுதினால் அவள் கேட்டாள். சொட்டு மருந்து விட்டேன், ஏணி ஏறவில்லை என்று கணக்கு ஒப்பித்தாள். வீட்டில் 'குடை எடுத்துட்டுப் போ' என்றால் நனைந்துகொண்டு போகிறவள் அவள்.

"இப்பவாவது சொல்லிடுக்கா" என்றான் தம்பி.

"என்னன்னு சொல்றது? நெஞ்சு வலின்னு ஒரு பொய் சொல்லி வரவச்சேன், உறவே இல்லன்னு இன்னொரு பொய் சொல்லி நான் வந்திருக்கேன்னா? அவ அம்மாகிட்ட பேச மாட்டாடா. கண்ணாடிக் கடைக்காரம்மாகிட்ட பேசுறா. நான் இந்தக் கணக்குலயே இருந்துட்டுப் போறேன்."

மூன்று வாரம் இருந்தேன். அவள் சாப்பிட்டது, தூங்கியது, குழுவில் யாரோ சண்டை போட்டது எல்லாம் எனக்கு வந்தது. மேடையில் முகத்துக்கு எப்படி விளக்குப் போட்டால் கண்கள் தெரியும் என்று ஒரு நாள் விளக்கினாள். அதைப் படித்தபோதுதான், இதற்குப் பெயர் டார்ச் அடிப்பது இல்லை என்று எனக்குப் புரிந்தது. அதை அவளிடம் சொல்ல வழியில்லாமல் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

நேற்று முன்தினம் எழுதினாள். 'டாக்டர் புதுக் கண்ணாடி போடச் சொல்லிட்டார். உங்க கடையிலயே போட்டுக்கணும்னு ஆசை. கடை எங்க இருக்கு?'

வாசலில் ஆள் இருந்தார், கையில் ஒரு பிரேம் இருந்தது, அவசரத்தில் பதில் தட்டினேன். 'அவ்வளவு தூரம் வர வேண்டாம். பஸ் அலைச்சல் கண்ணுக்கு ஆகாது. அங்கேயே நல்ல கடையில போடுங்க. மெல்லிசு லென்ஸ் கேளுங்க. ரெண்டு கருவிழிக்கும் நடுவுல தூரம் ஐம்பத்தொன்பது மில்லிமீட்டர்னு மறக்காம சொல்லுங்க, அது தப்பினா தலைவலி வரும்.' அனுப்பிவிட்டு, பிரேமின் திருகாணியை இறுக்கி, வந்தவரை அனுப்பிய பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அளவு முகத்துக்கு நேரே அளவுகோலை வைத்து எடுப்பது. எந்தப் படத்தைப் பார்த்தும் எந்தக் கடைக்காரியும் அதைச் சொல்ல முடியாது.

அழிக்கலாம் என்று தம்பிக்குப் போன் போட்டேன். "நீ இங்க அழிச்சாலும் அங்க படிச்சிருப்பாக்கா" என்றான். அன்றைக்குப் பூராவும் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நேற்றும் வரவில்லை. இந்தத் தடவை எந்த வீடும் எந்த வீட்டையும் பிளாக் பண்ணவில்லை என்பதை நானே இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இன்று காலை ஷட்டரைப் பாதி தூக்கும்போது போன் சத்தம் போட்டது.

'அது எனக்குப் பதினேழு வயசுல அளந்தது. மனப்பாடம்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் நீ அளக்கவே இல்ல. இப்போ அறுபத்தொண்ணு.'

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக நான் அவளுக்குப் போட்டுக் கொடுத்த கண்ணாடி அத்தனையும் பழைய அளவு. ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் அறுபத்தொன்று என்று எழுதிக்கொண்டேன். எவன் அளந்தானோ, ஒழுங்காக அளந்தானோ என்னவோ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. 'சரிம்மா' என்று மட்டும் எழுதினேன்.